வாவா மிதி: பெயரும் பொருளும்

வாவா மிதி (பெயர்ச்சொல்): மின்கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே இணைத்து, காலால் முன்னும் பின்னும் ஆட்டி இயக்கும் ஒலிமாற்றுக் கருவி. குதிகால் பக்கம் சாய்த்தால் ஒலி மந்தமாக, வாயைக் குவித்துச் சொன்ன 'ஊ' போல இருக்கும். விரல் பக்கம் அழுத்த அழுத்த அது விரிந்து 'ஆ' ஆகும். ஒரு தடவை முன்னால் தள்ளினால் 'வா'. அதுதான் பெயர்க்காரணம்.

பெயர் இவ்வளவு எளிது என்றாலும் அதற்கு ஒரு பழைய கதை உண்டு. கிட்டாருக்கு வருவதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் முன்பே இந்தச் சொல் ஊதுகருவிக்காரர்களிடம் புழங்கியது. 1920களின் அமெரிக்க ஜாஸ் குழுக்களில் டிரம்பெட், டிரம்போன் வாசித்தவர்கள் கருவியின் வாயை ஏதாவது ஒன்றால் மூடி மூடித் திறந்து வாசித்தார்கள். மூடினால் 'ஊ', திறந்தால் 'ஆ'. கிங் ஆலிவர், டியூக் எலிங்டன் குழுவில் இருந்த பபர் மைலி, டிரிக்கி சாம் நான்டன் ஆகியோர் இதில் பேர்போனவர்கள். மூடியாகப் பயன்பட்ட பொருள்களில் ஒன்று, அடைத்துக்கொண்ட குழாயைத் திறக்க உதவும் ரப்பர் கிண்ணம். கைப்பிடியைக் கழற்றிவிட்டு அதையே மேடைக்குக் கொண்டுபோனார்கள். இதற்கென்றே செய்த உலோக அடைப்பானுக்கு 'வாவா மியூட்' என்று பெயர். கிளைட் மெக்காய் என்ற டிரம்பெட் கலைஞர் 1931இல் 'சுகர் ப்ளூஸ்' பாட்டை இந்த உத்தியோடு பதிவு செய்து பெரும் புகழ் பெற்றார். அவர் பெயர் மறுபடி வரும்.

1966 நவம்பரில் நடந்ததைத் தற்செயல் என்றுதான் சொல்ல வேண்டும். வாக்ஸ் ஆம்ப்ளிஃபயர்களை அமெரிக்காவில் தயாரித்துவந்த தாமஸ் ஆர்கன் நிறுவனத்தில், ஒரு ஆம்ப்ளிஃபயரின் நடு அதிர்வெண்களைத் தூக்கிக்காட்டும் சுவிட்ச் விலை கூடியதாக இருந்தது. அதற்குப் பதிலாக மலிவான திருகு (திருப்பத் திருப்ப மின்தடை மாறும் குமிழ்) ஒன்றைப் பொருத்தும் வேலை பிராட் பிளங்கெட் என்ற இளம் பொறியாளருக்கு வந்தது. பொருத்தினார். அதன் வழியாகக் கிட்டார் வாசித்துக்கொண்டே திருகைத் திருப்பினால், அது 'வா' என்றது. கை இரண்டும் கிட்டாரில் இருக்கும்போது திருகை யார் திருப்புவது? பக்கத்தில் ஆர்கனுக்கான ஒலியளவு மிதி இருந்தது. சுற்றை அதற்குள் போட்டார்கள். கருவி பிறந்துவிட்டது.

ஆனால் நிறுவனத்தின் தலைமை இதைக் கிட்டாருக்கானது என்று நினைக்கவில்லை. ஒலிவாங்கி பொருத்திய ஊதுகருவிகளுக்கு ஆகும் என்றே கணக்குப் போட்டது. காதில் கேட்டது பழைய டிரம்பெட் ஒலி அல்லவா! அதனால்தான் 1967இல் விற்பனைக்கு வந்த மிதிக்குக் கிளைட் மெக்காயின் பெயரை வைத்து, அடிப்பலகையில் அவர் படத்தையும் ஒட்டினார்கள். இது கிட்டாருக்குத்தான் என்று ஆரம்பத்திலிருந்து வாதாடியவர் டெல் காஷர் என்ற கிட்டார் கலைஞர். அவர் சொன்னதே நடந்தது. அதே ஆண்டு எரிக் கிளாப்டன் கிரீம் குழுவின் பதிவில் இதைப் பயன்படுத்தினார். 1968இல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 'வூடூ சைல்டு' பாட்டின் தொடக்கத்தில் செய்துகாட்டியதற்குப் பிறகு டிரம்பெட் பேச்சு எடுபடவில்லை.

'கிரை பேபி' என்ற பெயரும் அந்தக் காலத்ததே. தாமஸ் ஆர்கன் நிறுவனம் அதை வணிகக்குறியாகப் பதிவு செய்யாமல் விட்டதால் ஆளாளுக்கு அந்தப் பெயரில் மிதி செய்தார்கள். பிற்பாடு டன்லப் நிறுவனம் அதைத் தனதாக்கிக்கொண்டது. எந்த நிறுவனத்தின் மிதியானாலும் 'கிரை பேபி' என்றே சொல்பவர்கள் உண்டு. பொதுச்சொல்லாக அது வேண்டாம். ஒரு நிறுவனத்தின் சரக்குப் பெயர் அது. அதை மொழிபெயர்த்து 'அழுகை மிதி' என்று எழுதுவது இன்னும் மோசம். இந்தக் கருவி சிரிக்கும், திட்டும், முணுமுணுக்கும். அழுவது அதன் பல வேலைகளில் ஒன்று.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'வா' என்பது ஒலிக்குறிப்புச் சொல். ஒலிக்குறிப்புச் சொற்களை யாரும் மொழிபெயர்ப்பதில்லை, கேட்டபடி எழுதுவதுதான் வழக்கம். 'சலசல' என்பதற்கு வேறு தமிழ்ச்சொல் தேடுவோமா? ஒரு நுட்பம் மட்டும் உண்டு. 'வாவா'வைப் பார்த்தால் இரட்டைக்கிளவி போலத் தோன்றும். ஆனால் இரட்டைக்கிளவி பிரித்தால் பொருள் தராது என்பது தொல்காப்பியம் முதல் சொல்லப்படும் விதி. இது பிரிந்தும் நிற்கிறது: 'ஒரு வா', 'நாலு வா' என்று வாசிப்பவர்கள் எண்ணவே செய்கிறார்கள். எனவே இதை அடுக்கு என்று கொள்வதே பொருத்தம். தனி 'வா' தமிழில் ஏவல் வினை ஆகிவிடுவதால் ('வா மிதி' என்றால் வந்து மிதிக்கச் சொல்வதுபோல் இருக்கிறது) கருவியின் பெயரில் 'வாவா' என்று அடுக்கி எழுதுவதே குழப்பமில்லாதது. 'வாஹ்' என்று எழுதினால் கச்சேரியில் பாராட்டும் குரலாகிவிடும்.

ஒலிப்பியலாகப் பார்த்தால் இது 'வா'கூட இல்லை. தமிழ் வகரம் மேற்பல்லும் கீழிதழும் சேர்வதால் பிறப்பது. 'பல்லிதழ் இயைய வகாரம் பிறக்கும்' என்கிறது தொல்காப்பியம். மிதிக்குப் பல்லும் இல்லை, இதழும் இல்லை. அது செய்வதெல்லாம் ஓர் உயிரிலிருந்து இன்னோர் உயிருக்கு வழுக்கிப்போவதுதான். அதே நூலின் பிறப்பியலில் உகரமும் ஊகாரமும் இதழ் குவிந்து பிறக்கும் என்றும், அகரமும் ஆகாரமும் வாய் அங்காந்து பிறக்கும் என்றும் வருகிறது. குவிப்பிலிருந்து அங்காப்புக்குப் போகும் அந்தப் பாதைதான் மிதியின் பாதை. உகரத்தோடு ஆகாரம் சேர்ந்தால் நடுவில் வகர உடம்படுமெய் தோன்றும் அல்லவா, அதுபோல நம் காது நடுவில் ஒரு 'வ்'வைச் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறது. கறாராக எழுதினால் 'உவா மிதி' என்றே எழுத வேண்டும். ஆனால் 'உவா' பழந்தமிழில் முழுநிலாவுக்கு ஆகிவந்த சொல். அதை அங்கேயே விட்டுவிடலாம்.

'பெடல்' லத்தீனில் பாதத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் 'மிதி' நன்றாகவே பொருந்துகிறது. மிதிவண்டியில் ஏற்கெனவே பழகிய சொல். மிதிப்பது என்றால் ஒரே மூச்சில் அழுத்துவது, இதுவோ ஆட்டுவது என்று சிலர் தயங்கலாம். தையல் மெஷினின் மிதியும் ஆடுவதுதானே! விரலும் குதிகாலும் மாறி மாறி அழுத்தும் அதே அசைவுதான் இங்கேயும். 'வாவா பெடல்' என்று எழுதினாலும் குறையொன்றும் இல்லை. பேச்சில் அதுதான் வரும்.

இனி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் பெயரின் பொருத்தம் இன்னும் தெளிவாகும். பழைய வடிவத்தில் இரண்டு டிரான்சிஸ்டர், 500 மில்லிஹென்றி மின்தூண்டி ஒன்று, 0.01 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று, கால் வைக்கும் பலகையின் அடியில் பற்சட்டத்தால் சுழலும் 100 கிலோஓம் திருகு ஒன்று. மின்தூண்டியும் மின்தேக்கியும் சேர்ந்து ஒரு அதிர்வெண்ணில் ஒத்ததிர்ந்து அந்த இடத்தை மட்டும் தூக்கிக்காட்டும். மேலே சொன்ன அளவுகளுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 2,250 ஹெர்ட்ஸ் வரும். பலகை விரல் பக்கம் முழுதாகச் சாய்ந்தபோது கேட்கும் உச்சி ஏறத்தாழ அதுவே. குதிகால் பக்கம் வரும்போது, இரண்டாவது டிரான்சிஸ்டர் அந்தச் சின்ன மின்தேக்கியைப் பல மடங்கு பெரியதுபோல் சுற்றுக்குக் காட்டுகிறது. ஒத்ததிர்வு 400 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடுகிறது. மின்தேக்கியை மாற்றாமலேயே அதன் அளவை மாற்றும் இந்தத் தந்திரம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

நம் வாயும் இதைத்தான் செய்கிறது. 'ஊ' சொல்லும்போது குரலின் முதல் தூக்கல் சுமார் 300 ஹெர்ட்ஸில் இருக்கும், 'ஆ' சொல்லும்போது 700ஐத் தாண்டும். வாய்க்கு இப்படிப் பல தூக்கல்கள் உண்டு. மிதிக்கு ஒன்றே ஒன்று. இருந்தும் அந்த ஒன்று நகர்வதைக் கேட்டதும் யாரோ பேசுகிறார்கள் என்று காது நம்பிவிடுகிறது.

மிதியைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் நிறத்தையும் யார் கையெழுத்து அதில் இருக்கிறது என்பதையும் மறந்துவிட்டு, 'ஊ' எங்கே தொடங்குகிறது, 'ஆ' எங்கே முடிகிறது என்று மெதுவாக ஆட்டிக் கேளுங்கள். உச்சி காதைக் குத்தினால் அந்த மிதியில் பாதித் தூரம் உங்களுக்குப் பயன்படாது. தூக்கலின் கூர்மையும் மாடலுக்கு மாடல் வேறுபடும்: அகலமானது மென்மையாகப் பேசும், கூரானது மூக்கால் பேசும். 'ஃபேசல்', 'ஹேலோ' என்று மின்தூண்டிகளின் பெயர் சொல்லி நடக்கும் சண்டைகள் உண்டு. வித்தியாசம் இருப்பது உண்மைதான். ஆனால் திருகு எந்த வேகத்தில் மாறுகிறது என்பது அதைவிடப் பெரிய வித்தியாசம் என்பது என் கருத்து. சிலவற்றில் பலகையின் கடைசிக் கால்பங்கில்தான் எல்லாமே நடந்துமுடியும். கை பழகும், கால் அவ்வளவு சீக்கிரம் பழகாது.

திருகு தேயும் பொருள். நாளாக ஆக ஆட்டும்போது 'கரகர' சத்தம் வரும். சுத்தம் செய்யலாம், மாற்றலாம். மார்லி நிறுவனத்தின் மிதிகளைப் போன்றவற்றில் திருகே கிடையாது. ஒளியும் ஒளியுணரியும் அந்த வேலையைச் செய்வதால் தேய்மானம் இல்லை. அவற்றுள் சிலவற்றில் கால் வைத்ததும் இயங்கும், எடுத்ததும் நின்றுவிடும். வழக்கமான மிதிகளிலோ விரல்முனையின் அடியில் சுவிட்ச் இருக்கிறது. 'டக்' என்று அழுத்தித்தான் தொடங்கவும் நிறுத்தவும் வேண்டும். சுவிட்ச் எட்டாமல் தவித்தால் மிதியைக் குறைசொல்வதற்கு முன் பலகையின் அடியில் இருக்கும் ரப்பர் மெத்தையைப் பாருங்கள். அதன் தடிமனைக் கொஞ்சம் குறைத்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

அணைத்திருக்கும்போதும் சில பழைய மாடல்கள் கிட்டாரின் உயர் ஒலிகளைக் கொஞ்சம் உறிஞ்சிவிடும். அணைத்ததும் சிக்னல் சுற்றைத் தொடாமல் நேராகப் போகும் வகை வந்த பிறகு இந்தத் தொல்லை குறைந்தது. ஃபஸ் மிதி (ஒலியைச் சிதைத்து முரடாக்கும் மிதி) வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய பாணி ஃபஸ்ஸும் வாவாவும் அடுத்தடுத்து வந்தால் ஒத்துப்போகாமல் கீச்சிடலாம், அல்லது 'வா' சத்தமே மங்கிவிடலாம். நடுவில் ஒரு பஃபர், அதாவது இரண்டும் ஒன்றையொன்று பாதிக்காமல் பிரித்துவைக்கும் சிறு சுற்று, இருந்தால் தீரும். ஒலியைச் சிதைக்கும் டிஸ்டார்ஷன் மிதிக்கு முன்னால் வாவாவை வைப்பது பழைய வழக்கம், குரல் போலப் பேசுவது அப்போதுதான். பின்னால் வைத்தால் அசைவு பெரிதாகி சிந்தசைசர் பக்கம் போய்விடும். பேஸ் கிட்டாருக்கு அதற்கென்று செய்ததையே வாங்குங்கள். கிட்டாருக்கானதில் அடியொலி காணாமல் போகும்.

வாசிப்பில் புதியவர்கள் செய்வது ஒன்றுதான்: தாளத்துக்குக் கால் தட்டுவதுபோல் ஒவ்வொரு அடிக்கும் மேலும் கீழும் ஆட்டுவது. கொஞ்ச நேரத்தில் கேட்பவருக்குத் தலை சுற்றும். பேசும்போது எந்த அசையில் வாய் விரிகிறதோ அப்படி, எந்த சுரம் விரிய வேண்டுமோ அந்தச் சுரத்தில் மட்டும் காலை முன்னால் தள்ளிப் பாருங்கள். ஒரு நீண்ட சுரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திறப்பது அழகு. ஒரு சுரம் முடிவதற்குள் திறந்து மூடினால் கேள்வி கேட்பதுபோல் இருக்கும்.

இன்னொரு வகை, தந்திகளை இடது கையால் லேசாகத் தொட்டு ஒலியை அடக்கிவிட்டு வலது கையால் தேய்ப்பது. சுரம் இருக்காது, 'வக்கா வக்கா' என்ற தாள ஒலி மட்டும் வரும். 1971இல் வெளியான 'ஷாஃப்ட்' படத்தின் முகப்பிசையில் சார்லஸ் பிட்ஸ் வாசித்தது இதற்கு நல்ல பாடம். மைக்கேல் ஷென்கர் போன்றவர்கள் மிதியை ஆட்டாமல் நடுவில் ஓரிடத்தில் நிறுத்திவைத்தே வாசிப்பார்கள். அப்போது 'வா' என்று எதுவும் கேட்காது. கிட்டார் ஒரே உயிரெழுத்தில் பாடிக்கொண்டிருக்கும். 'நிறுத்திய வாவா' என்று இதைச் சொல்லலாம்.

உறவுச் சொற்கள் இரண்டு. 'ஆட்டோ வா' என்பதில் கால் ஆட வேண்டியதில்லை. தந்தியை எவ்வளவு பலமாக மீட்டுகிறோமோ அதைப் பார்த்து ஒலியை வடிகட்டும் சுற்று தானே திறந்து மூடும். 1972இல் வந்த மியூட்ரான் 3 இந்த வகையில் புகழ்பெற்றது. 'தானியங்கு வாவா' என்பது சரியான பெயர், அதில் 'மிதி' ஒட்டாமல் இருந்தால் போதும். 'டாக் பாக்ஸ்' என்பதையும் இதோடு சேர்த்துக் குழப்புவார்கள். அதில் ஒலி ஒரு குழாய் வழியாக வாசிப்பவரின் வாய்க்குள் போய், அவர் வாயசைவால் உருமாறி, ஒலிவாங்கிக்கு வருகிறது. உயிரொலியைச் செய்வது அங்கே நிஜமான வாய் என்பதால் அது வாவா குடும்பத்தில் சேராது.