முதுகெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு முதியவருக்கு உள்ள உரிமை

வயதான காலத்தில் முதுகு வளைந்து, நிமிர்ந்து நிற்கவே முடியாமல் போனவர்களுக்குத் ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து நேராக்கும் ஆபரேஷன் செய்கிறார்கள். அது ஒரே நாளில் முடிந்துவிடலாம். தேறத்தான் நாளாகும். எலும்புகள் ஒன்றோடொன்று கூடுவதற்கே பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் பிடிக்கும். முதல் சில வாரங்களில் ஆபரேஷனுக்கு முன்பு இருந்ததைவிட முடியாமல் இருப்பதும் சகஜம். இது தெரியாமல், டிஸ்சார்ஜ் ஆனதும் எல்லாம் முடிந்தது என்று வீட்டில் நினைத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு கிடைக்கும் பிசியோதெரபியும் வாக்கரும் யாரோ இரக்கப்பட்டுத் தருவதல்ல, உரிமை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில் இந்த உரிமை இருக்கிறது. பொதுச் சபை 2006 டிசம்பரில் ஏற்ற இந்த உடன்படிக்கை 2008 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இதற்குக் கட்டுப்பட்டவை. நீண்டகால உடல் குறைபாடு உள்ள எல்லோரும் இதில் அடக்கம். வயது வரம்பு கிடையாது. 'நான் மாற்றுத்திறனாளி இல்லையே, வயசாகிவிட்டது, அவ்வளவுதான்' என்று பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். அந்தக் கூச்சத்தால் உரிமையை விட்டுவிட வேண்டாம். அதே சமயம், சில வாரத்தில் சரியாகிவிடும் வலி இதில் சேராது.

இவர்களுக்கு மிக முக்கியமானது 26-ஆம் பிரிவு. மறுவாழ்வு சிகிச்சையை முடிந்தவரை சீக்கிரமே தொடங்க வேண்டும், பல துறையினர் சேர்ந்து அந்த ஒருவரின் தேவையையும் பலத்தையும் பார்த்துத் திட்டமிட வேண்டும் என்கிறது. இது காகிதத்துக்காக எழுதிய வரி இல்லை. இடுப்பு வரை எலும்பைப் பிணைத்துவிட்டால் முன்போலக் குனிய வராது. செருப்பு மாட்டுவது, கழிப்பறையில் சுத்தம் செய்துகொள்வது எல்லாவற்றையும் புதிதாகப் பழக வேண்டும். இதைச் சொல்லித்தர அறுவை சிகிச்சை மருத்துவர் மட்டும் போதாது. பிசியோதெரபிஸ்ட் வேண்டும், அன்றாட வேலைகளைப் பழக்கும் சிகிச்சையாளரும் வேண்டும். எலும்புத் தேய்மானத்தையும், ஆபரேஷனுக்குப் பிறகு முதியவர்களுக்கு வரும் மனக்குழப்பத்தையும் கவனிக்க ஆள் வேண்டும். அதோடு, கிராமமானாலும் இந்தச் சேவை வீட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் கிடைக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

25-ஆம் பிரிவு, குறைபாடு மேலும் கூடாமல் தடுக்கும் சேவைகளைப் பற்றிப் பேசும்போது முதியவர்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. விவரம் தெரிந்து தரும் சம்மதமும் அதில்தான் வருகிறது. கையெழுத்துப் போடுமுன் சிக்கல்கள், தேற ஆகும் காலம், எவ்வளவு குனிய முடியும் என்பதையெல்லாம் பெரியவரிடமே விளக்க வேண்டும், பிள்ளைகளிடம் மட்டும் அல்ல. நடக்க உதவும் கருவி கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வழி செய்யச் சொல்வது 20-ஆம் பிரிவு.

சரி, இதைக் காட்டினால் உடனே பணம் வந்துவிடுமா? வராது. உடன்படிக்கை கட்டுப்படுத்துவது அரசை. செலவை யார் ஏற்பது என்பதை அந்தந்த நாட்டின் சட்டமும் காப்பீடும்தான் முடிவு செய்கின்றன. அதனால் ஆபரேஷன் தேதி குறிக்கும்போதே, அதற்குப் பிறகான பிசியோதெரபி எத்தனை வாரம், எங்கே, யார் செலவில் என்று கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். முறையீடு செய்ய அந்தக் காகிதம்தான் கைகொடுக்கும். உள்நாட்டில் எல்லா வழியும் அடைபட்ட பிறகு, உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறையையும் (நாடுகள் விரும்பினால் ஏற்கும் தனி ஒப்பந்தம்) ஏற்ற நாடுகளில் இருப்பவர்கள், உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழுவிடமே தனிநபராக முறையிடலாம்.