முறிந்தும் கெடாத டயோடு

மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் உறுப்பு டயோடு. அதைத் திருப்பி இணைத்து (பின்னோக்குச் சார்பு) மின்னழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் தடை உடைந்து எதிர்த்திசையில் மின்னோட்டம் பாயும். இந்த முறிவு ஏற்பட்டால் டயோடு கெட்டுவிடும் என்கிறார்கள். மின்னழுத்தத்தை நிலையாக வைக்கப் பயன்படும் ஜீனர் டயோடு மட்டும் அதே நிலையில் ஆண்டுக்கணக்கில் எப்படி உழைக்கிறது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். டயோடைக் கொல்வது சூடுதான். ஒரு தொடர் மின்தடையால் மின்னோட்டத்துக்குக் கடிவாளம் போட்டுவிட்டால், எத்தனை முறை முறிந்தாலும் சந்தி (டயோடின் இரு வகைக் குறைகடத்திகள் சேரும் இடம்) பழையபடி மீண்டுவிடும்.

முறிவு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு நிகழ்வுகள் இருக்கின்றன. 3.3 வோல்ட் ஜீனரில் மாசூட்டல் (குறைகடத்தியில் வேற்று அணுக்களைச் சேர்ப்பது) மிக அதிகம். அதனால் சந்தியில் மின்னோட்டத்தைச் சுமக்கும் துகள்கள் இல்லாத இயக்கமில்லாப் பகுதி மிக மெல்லியது. அங்கே மின்புலம் சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் வோல்ட்டை எட்டும்போது, எலக்ட்ரான்கள் ஆற்றல் தடையை ஏறிக் கடக்காமல் ஊடுருவியே மறுபக்கம் போய்விடுகின்றன. 1934இல் கிளாரன்ஸ் ஜீனர் விளக்கியது இதைத்தான். 12 வோல்ட் ஜீனரிலோ அந்தப் பகுதி அகலமானது. வேகமெடுத்த எலக்ட்ரான் ஓர் அணுவில் மோதி இன்னொரு எலக்ட்ரானை விடுவிக்கும், அவை இரண்டும் மேலும் மோதும். இது சரிவு முறிவு.

இனி சூடேற்றிப் பாருங்கள். வெப்பத்தில் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரான் கட்டிலிருந்து விடுபடத் தாண்ட வேண்டிய தடை) குறுகுவதால் ஊடுருவல் எளிதாகி, முறிவு மின்னழுத்தம் இறங்குகிறது. சரிவு முறிவிலோ அணுக்களின் அதிர்வு எலக்ட்ரான்களை வேகமெடுக்க விடாததால் அது ஏறுகிறது. 5 முதல் 6 வோல்ட்டுக்குள் இரண்டும் சேர்ந்தே நடந்து, ஏற்றமும் இறக்கமும் ஏறக்குறைய ஈடாகிவிடுகின்றன! நிலையான மின்னழுத்தம் வேண்டுவோர் 5.1, 5.6 வோல்ட் ஜீனர்களைத் தேடுவது இதனால்தான். இரண்டையும் தனித்தனி வரையறையாக மனப்பாடம் செய்யவைத்தால் இந்த அழகு மாணவர் கண்ணில் படாமலே போகிறது.

கணக்குக்கு வருவோம். கார் பேட்டரி 11 முதல் 14.4 வோல்ட் வரை மாறுகிறது, நமக்கு 5.1 வோல்ட்டில் 20 மில்லிஆம்பியர் வேண்டும். தொடர் மின்தடை வழியே வரும் மின்னோட்டத்தை ஜீனரும் சுமையும் (நாம் இயக்கும் கருவி) பங்கிட்டுக்கொள்கின்றன. மின்தடையை மிகக் குறைந்த மின்னழுத்தத்துக்கே கணக்கிட வேண்டும். ஜீனருக்கு 5 மில்லிஆம்பியர் ஒதுக்கினால், 11 வோல்ட்டில் 5.1 போக மீதமுள்ள 5.9 வோல்ட்டை 25 மில்லிஆம்பியரால் வகுக்க 236 ஓம். கடையில் கிடைப்பது 220. வழக்கமாகச் சொல்லும் 12 வோல்ட்டுக்குக் கணக்கிட்டால் 276 ஓம் வரும், கடையில் கிடைப்பது 270. பேட்டரி இறங்கியதும் ஜீனருக்கு 2 மில்லிஆம்பியர்கூட மிஞ்சாது, மின்னழுத்தம் சரியத் தொடங்கும்.

ஜீனருக்குக் கடினமான நேரம் சுமையைக் கழற்றும்போதுதான். 14.4 வோல்ட்டில் 42 மில்லிஆம்பியர் முழுவதும் அதன் வழியே பாய்ந்து 0.22 வாட் சூடாகிறது. அரை வாட் ஜீனர் தாங்கும். மூடிய பெட்டிக்குள் 1 வாட் தாங்கும் 5.1 வோல்ட் ஜீனரான 1என்4733ஏ நல்லது. மின்தடையில் 0.39 வாட் செலவாவதால் அதற்கும் 1 வாட் போடுங்கள். ஜீனரின் கோடு போட்ட முனை நேர்முனைப் பக்கம் இருக்க வேண்டும். மீட்டர் 0.7 வோல்ட் காட்டினால் திருப்பி மாட்டியிருக்கிறீர்கள். சுழியத்தை ஒட்டிக் காட்டினால் பெரும்பாலும் ஜீனர் சூட்டில் ஷார்ட் ஆகியிருக்கும்.