காற்றுதான் ஸ்பிரிங்: ஷாக் இல்லாத மவுண்டன் பைக் ஓடும் விதம்

"பழைய மவுண்டன் பைக் ஒன்றைச் சரிசெய்து ஓட்டுகிறேன். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கில் ஷாக் கிடையாது. டயரில் 60 பிஎஸ்ஐ காற்று அடித்தால் வேகமாக ஓடும் என்கிறார்கள். ஆனால் மண்பாதையில் கை உதறுகிறதே?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

மண்பாதைக்கு அதில் பாதி போதும். கை உதறலும் குறையும், வேகமும் கூடும்.

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது. பின்சக்கரம் 50 கிலோ தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 பிஎஸ்ஐ என்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோ. அப்போது டயர் தரையில் பதியும் பரப்பு ஏறக்குறைய 24 ச.செ.மீ. காற்றை 60 ஆக்கினால் அது 12 ஆகிவிடும். பிடிமானத்துக்கு இந்த விளக்கம் போதும்.

அழகு இருப்பது கல்லில் ஏறும் நொடியில். 26 அங்குலச் சக்கரத்தில் 2.1 அங்குல டயர் போட்டால் உள்ளே சுமார் 4 லிட்டர் காற்று இருக்கும். கல்லின் முனை அமுக்கிப் பறிக்கும் இடமோ சில மில்லிலிட்டர்தான். அதனால் உள்ளழுத்தம் கூடுவதே தெரியாது. பிறகு எது எதிர்த்துத் தள்ளுகிறது? பரப்பு! கல் அமுங்க அமுங்க டயர் அதைச் சுற்றிக் கவ்வுகிறது. தொடும் பரப்பு விரிய விரிய விசையும் ஏறுகிறது. முதலில் மெத்தென்று விட்டுக்கொடுத்து, போகப்போக இறுகும் ஸ்பிரிங் இது. எண்ணெய், வால்வு, சீல் எதுவும் வேண்டாம்.

இறுகிய டயர் கல்லை விழுங்காது. வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்கும். தூக்கும் ஆற்றல் முன்னோக்கிய வேகத்திலிருந்துதான் கழிகிறது. மறுபக்கம் விழும்போது அதில் ஒரு பங்கு உடம்பின் தசைகளில் அதிர்வாக வீணாகிறது. வழவழப்பான இரும்பு உருளையில் டயரை ஓட்டிச் சோதித்தால் இறுகிய டயரே ஜெயிக்கும். ஆனால் அந்த உருளையில் கல்லும் இல்லை, மனித உடம்பும் இல்லை. இறுகினால்தான் ஓடும் என்பது சோதிக்காமல் கைமாறி வரும் நம்பிக்கை. இறக்கம் ஒன்றில் பெடல் மிதிக்காமல் இரண்டு அழுத்தத்திலும் உருட்டி, எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்து பாருங்கள். செலவில்லாத ஆராய்ச்சி!

1976 இல் கலிஃபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் அருகே 'ரீபேக்' இறக்கத்தில் பந்தயம் விட்டவர்களுக்கும் பருத்த டயர்தான் சஸ்பென்ஷன். பின்சக்கர அச்சுக்குள் இருந்த பிரேக் சூடேறி அதன் கிரீஸ் எரிந்துபோகும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு புதிதாக அடைக்க வேண்டும். 'மறுபடி அடை' என்று பொருள்படும் அந்த இறக்கத்தின் பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

இனி உங்கள் வண்டிக்கு. ஃபோர்க்கிலும் பின்சட்டத்திலும் டயருக்கு இருபுறமும் 5 மி.மீ.யாவது இடைவெளி விட்டு, அதற்குள் அடங்கும் மிக அகலமான டயரைப் போடுங்கள். டியூபோடு 32 பிஎஸ்ஐயில் தொடங்கி 2, 2 ஆக இறக்குங்கள். முன்சக்கரத்தில் 2 அல்லது 3 குறைவாக இருக்கட்டும். ரிம் கல்லில் 'டங்' என்று மோதினால் அளவு மீறிவிட்டது, 3 ஏற்றுங்கள். மீறி ஓட்டினால் ரிம்மின் இரு விளிம்புக்கும் கல்லுக்கும் இடையே டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரட்டை ஓட்டை விழும்.

வால்வு சாய்ந்து நின்றால், பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம்மில் வழுக்கி டியூபையும் இழுக்கிறது என்று அர்த்தம். காற்றை விட்டு, டயரை நகர்த்தி வால்வை நிமிர்த்தி, 2 பிஎஸ்ஐ கூட்டி அடியுங்கள். பழைய ரிம்களில் வால்வுத் துளை 8.5 மி.மீ. இருக்கலாம். அதில் மெல்லிய 6 மி.மீ. வால்வு டியூபைப் போட்டால் ஆடி ஆடி அடியில் கிழியும். துளைக்கு ஒரு வளையம் போட்டுவிட்டே மாட்டுங்கள்.