லூப் தாண்டிப்போன 7

பைத்தான் என்ற நிரல் மொழியைப் படிக்க ஆரம்பித்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "[4, 7, 7, 2, 9] என்ற லிஸ்ட்டில் உள்ள 7-களை எண்ணிக்கொண்டே ரிமூவ் செய்ய, உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் ஒரு ஃபார் லூப் எழுதினேன். விடை 2 வர வேண்டும். 1 தான் வருகிறது. பிழைச் செய்தியும் இல்லை. வேறு லிஸ்ட் கொடுத்தால் இதே நிரல் சரியான விடை சொல்கிறது. ஏன்?"

எண்ணிக்கை தப்பினால் வழக்கமாக முதலில் பார்ப்பது இரண்டு இடங்களை. கவுண்ட்டை, அதாவது எண்ணிக்கையை, 0 ஆக்கும் வரி லூப்புக்குள் மாட்டிக்கொண்டதா? ரேஞ்ச், அதாவது சுற்ற வேண்டிய இட எண்களின் வரிசை, 0-க்குப் பதில் 1-இல் தொடங்குகிறதா? இங்கே இரண்டும் இல்லை. நீக்குகிற வரிதான் காரணம்.

ஃபார் லூப் லிஸ்ட்டைத் தனியாகப் பிரதி எடுத்து வைத்துக்கொள்வதில்லை. அதன் கையில் இருப்பது ஒரே ஒரு எண்: அடுத்துப் பார்க்க வேண்டிய இடம். அந்த எண் லிஸ்ட்டின் இப்போதைய நீளத்தைவிடக் குறைவா? ஆம் என்றால் அங்கே இருப்பதை எடுத்துக் கொடுக்கும், எண்ணோடு 1 கூட்டிக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை.

சரி, கூடவே நடந்து பார்ப்போம். பைத்தான் இடங்களை 0-இலிருந்து எண்ணும். இடம் 0-இல் 4, விட்டுவிடுகிறோம். இடம் 1-இல் 7, நீக்குகிறோம், கவுண்ட் 1. லிஸ்ட் நடுவில் காலியிடம் வைக்காது. பின்னால் இருப்பவை எல்லாம் ஓரிடம் முன்னே நகர்ந்து [4, 7, 2, 9] ஆகிறது. இரண்டாவது 7 இப்போது இடம் 1-இல் உட்கார்ந்திருக்கிறது. லூப்போ அடுத்து இடம் 2-ஐப் பார்க்கிறது, அங்கே 2. அப்புறம் 9. அடுத்த இடம் 4, நீளமும் 4, லூப் முடிந்தது. ஒரு 7-ஐ அது பார்க்கவே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான். [7, 2, 7, 4, 7] கொடுங்கள். விடை 3, சரியாக வரும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும் எண்ணை பிரிண்ட் செய்தால் 7, 7, 7 மட்டுமே தெரியும். 2-ஐயும் 4-ஐயும் லூப் தாண்டிப் போயிருக்கிறது. அவை 7 இல்லை என்பதால் தப்பு வெளியே தெரியவில்லை. [7, 7, 7, 7] கொடுத்தால் பாதிதான், 2, வரும்.

விடை ஒன்று குறைகிறதா, ஒன்று கூட்டிப் போடு என்று பலர் செய்கிறார்கள். காரணம் தேடாமல் பரிகாரம் செய்யும் இந்தப் பழக்கம் மூடநம்பிக்கைக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. வாசகரின் லிஸ்ட்டுக்குப் பலிக்கும். [7, 7, 7, 7]-க்குப் பலிக்காது. அதைவிட பிரிண்ட் போட்டுப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

டிக்‌ஷனரியில் (பெயரும் அதற்குரிய மதிப்புமாகச் சேர்த்து வைக்கும் வகை) இப்படிச் சுற்றிக்கொண்டே நீக்கினால், அளவு மாறிவிட்டது என்று பைத்தானே பிழை சொல்லி நிறுத்திவிடும். லிஸ்ட் எதுவும் சொல்லாது. எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் அதை எண்ணிச் சொல்ல லிஸ்ட்டின் கவுண்ட் மெத்தடே இருக்கிறது. நீக்கவும் வேண்டுமென்றால் 7 அல்லாதவற்றைப் புது லிஸ்ட்டில் சேருங்கள். பழைய லிஸ்ட்டையே மாற்றித்தான் ஆக வேண்டுமா? கடைசி இடத்திலிருந்து முதல் இடத்தை நோக்கி வந்து, இட எண்ணைக் கொடுத்து டெல் (நீக்கும் கட்டளை) செய்யுங்கள். அப்போதும் உறுப்புகள் நகரத்தான் செய்யும். ஆனால் நகர்வது எல்லாம் ஏற்கெனவே பார்த்து முடித்தவை.