லேமினேஷன் போடுமுன் கொஞ்சம் பொறுங்கள்

பாளையங்கோட்டையில் போட்டோ பிரேம் கடை வைத்திருக்கிறேன். லேமினேஷன் மெஷின் ஓடினால் எனக்குத்தான் காசு. இருந்தாலும் சொல்கிறேன். கிரிக்கெட் கார்டு, மேட்ச் டிக்கெட், வீரரிடம் கையெழுத்து வாங்கிய படம், பழைய கபடி குரூப் போட்டோ, இதில் எதற்கும் லேமினேஷன் போடாதீர்கள். ஆதார் நகலுக்குப் போடுங்கள், ரேஷன் கார்டு நகலுக்குப் போடுங்கள். தொலைந்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம்.

லேமினேஷன் உறையின் உள்பக்கம் முழுக்கப் பசை. மெஷினின் சூடு நூறு டிகிரியைத் தாண்டும். பசை உருகிக் காகிதத்தின் நாருக்குள் இறங்கிவிடும். பிறகு பிளாஸ்டிக்கை உரித்தால் அச்சும் சேர்ந்து உரிந்து வரும்.

திருநெல்வேலி சங்கர் நகர் இந்தியா சிமெண்ட்ஸ் மைதானத்தில் 2016-லிருந்து டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) கிரிக்கெட் ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. முதல் மேட்ச் பார்த்த டிக்கெட்டைப் பத்திரப்படுத்த நினைக்கும் பையன்கள் நிறையப் பேர். அப்படி ஒருவர், வேறெங்கோ லேமினேஷன் போட்ட டிக்கெட்டைக் கொண்டுவந்தார். “அண்ணாச்சி, இதுல எழுத்து திரும்ப வருமா?” முழுக்கக் கறுத்துக் கிடந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாலும் ஒரு கோடுகூடத் தெரியவில்லை. வராது தம்பி என்றுதான் சொல்ல முடிந்தது. பஸ் கண்டக்டரின் மெஷினிலிருந்து வருமே, அதே மாதிரி தெர்மல் காகிதம். சூடு பட்ட இடமெல்லாம் கறுப்பதுதான் அதன் வேலையே. வழவழப்பான டிக்கெட்டின் ஓரத்தில் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் கோடு விழுந்தால் தெர்மல்தான். அது சும்மா வைத்திருந்தாலும் மங்கும், அதனால் இன்றைக்கே போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

விலைக்கு விற்கலாம் என்ற எண்ணம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 1952-ல் அமெரிக்காவின் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட, பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டில் படம் போட்ட கார்டு ஒன்று 2022-ல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. பத்துக்கு 9.5 தரம் பெற்ற கார்டு அது. இதே கார்டு மூலை மழுங்கியிருந்தால் அந்த விலையில் சிறு பங்குகூடத் தேறாது. தரம் பார்ப்பவர்கள் மூலை, விளிம்பு, மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்கிறார்கள். நாம் சின்ன வயதில் பபுள்கம்மோடு வாங்கிய கிரிக்கெட் கார்டுக்கு அவ்வளவு விலை கனவிலும் வராது, ஆனால் கணக்கு ஒன்றுதான். தொடாமல் வைத்ததற்குத்தான் மதிப்பு.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சிலர் என்னிடம் மல்லுக்கு நின்றார்கள், லேமினேஷன் போட்டதுதானே தப்பித்தது என்று. சரி, சிலது தப்பித்தது உண்மைதான். ஆனால் ஓரத்தை ஒட்ட வெட்டியவற்றில் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே பூஞ்சை பிடித்தது. ஆல்பம் நனைந்தால் வெயிலில் காய வைக்காதீர்கள், ஒட்டியதைப் பிய்க்காதீர்கள். இடையிடையே உறிஞ்சும் வெள்ளைத் தாளை வைத்து, நிழலில் ஃபேன் காற்றில் விடுங்கள்.

அப்படியானால் எதில் வைப்பது? கார்டு அளவுக்கே பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் உறை கிடைக்கிறது, அதில் போட்டாலே பாதி வேலை முடிந்தது. புது ரெக்சின் வாசனை அடிக்கும் பிவிசி உறை மட்டும் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுத்து கார்டில் ஒட்டிக்கொள்ளும். செல்லோ டேப் கிட்டவே வரக்கூடாது. பிரேம் போடுவதென்றால் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மவுண்ட் அட்டை (படம் தெரிய நடுவில் வெட்டிய அட்டை) வைக்கச் சொல்லிக் கேளுங்கள். இல்லாவிட்டால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிவிடும். மாட்டுகிற சுவரில் மழைச்சாரலும் படக்கூடாது, வெயிலும் படக்கூடாது. மார்க்கர் கையெழுத்து நம் ஊர் வெயிலுக்குத் தாங்காது.

ஆன்லைனில் வாங்கிய ‘கையெழுத்திட்ட’ படங்களும் பிரேமுக்கு வருகின்றன. லென்ஸில் பார்த்தால் சிலதில் கையெழுத்துக் கோடே சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரியும். அது படத்தோடு சேர்த்து அச்சடித்தது. பேனா மை காகிதத்தின் மேல் தனியாகப் படிந்திருக்கும், சாய்த்தால் மினுங்கும். கூட வரும் சான்றிதழும் யாரோ அச்சடித்ததுதானே?

கார்டை விட எனக்குக் கவலை குரூப் போட்டோக்களைப் பற்றித்தான். மணத்தி கணேசன் 1995-ல் அர்ஜுனா விருது வாங்கிய கபடி பூமி இது. கோவில்பட்டிப் பக்கம் போனால் ஹாக்கி. ஷீல்டோடு நின்று எடுத்த படம் பல வீடுகளில் பரணில், செல்லரித்துக் கிடக்கிறது. எடுத்துத் துடையுங்கள். இடமிருந்து வலமாக யார் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று விளையாடிய பெரியவரிடமே கேட்டுத் தனித்தாளில் பென்சிலால் எழுதி உறைக்குள் வையுங்கள். படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுத வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் முகத்தில் தெரியும்.