தாங்குதிறன்: ‘ரெசிலியன்ஸ்’ என்ற சொல்லும் கொழும்பின் நிலமும்

கொழும்பைப் பற்றிய நகரத் திட்டமிடல் அறிக்கைகளில் ‘கிளைமேட் ரெசிலியன்ஸ்’ என்ற தொடர் இடம்பெறாத அறிக்கை இப்போது அரிது. அவற்றின் தமிழ்ப் பக்கங்களைப் புரட்டினால், அதே சொல் மீள்திறன், மீண்டெழும் தன்மை, தாக்குப்பிடிக்கும் தன்மை, நெகிழ்திறன், தாங்குதிறன் எனப் பல உருவங்களில் வருகிறது. இவை ஒன்றுக்கொன்று பதிலாக நிற்கக்கூடிய சொற்கள் அல்ல. வெள்ளம் வடிந்த பின் ஊர் பழைய நிலைக்குத் திரும்புவதை ஒரு சொல் குறிக்கிறது. வெள்ளம் வரும்போதே அதற்கு இடங்கொடுத்து ஊர் குலையாமல் இருப்பதை இன்னொரு சொல் குறிக்கிறது. நிலவமைப்பையும் நகரையும் வடிவமைப்பவர்கள் இவ்விரண்டில் எதைக் கருதுகிறார்கள் என்று தெரிந்தால்தான் சரியான தமிழ்ச் சொல்லைத் தேர்ந்துகொள்ள முடியும்.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் உள்ளது. ‘ரெ’ என்ற முன்னொட்டுக்குப் பின்னோக்கி என்றும், ‘சலீரே’ என்ற வினைக்குப் பாய்தல் அல்லது குதித்தல் என்றும் பொருள். இரண்டும் சேர்ந்த ‘ரெசிலீரே’, ஒன்றில் பட்டுத் தெறித்துத் திரும்புவதைக் குறித்தது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரான்சிஸ் பேக்கன் எதிரொலியைப் பற்றி எழுதுகையில் இச்சொல்லை அந்தப் பொருளிலேயே கையாண்டார். பின்னர் பொறியியலாளர்கள் அதனை எடுத்துக்கொண்டபோது பொருள் சற்றே திரும்பியது. 1818இல் தோமஸ் ட்ரெட்கோல்ட், திடீரென விழும் பெரும் பாரத்தைச் சில மரங்கள் முறியாமல் ஏற்றுக்கொள்வதற்குக் காரணமான பண்பை இச்சொல்லால் குறித்தார். இங்கே திரும்பிப் பாய்வதைவிட முறியாமல் ஏற்பதே முதன்மையாகிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் வந்த குழப்பத்தின் வித்தும் இங்கேதான் இருக்கிறது.

சூழலியலுக்குள் இச்சொல்லை நிலைநிறுத்தியவர் கனடாவின் சூழலியலாளர் சீ. எஸ். ஹோலிங். 1973இல் வெளியான தமது கட்டுரையில் அவர் நிலைத்தன்மை என்பதையும் ரெசிலியன்ஸ் என்பதையும் பிரித்துக் காட்டினார். ஒரு தொகுதி குலைந்த பின் எவ்வளவு விரைவாகச் சமநிலைக்குத் திரும்புகிறது என்பது நிலைத்தன்மை. எவ்வளவு பெரிய குலைவை உள்வாங்கியும் அது தன் உறவுகளும் தொழிற்பாடும் அறாமல் தொடர்கிறது என்பதே அவர் கருதிய ரெசிலியன்ஸ். ஆண்டுதோறும் நீர்மட்டம் ஏறி இறங்கும் ஒரு சதுப்புநிலம் முதல் அளவுகோலில் தோற்றுவிடும், ஏனெனில் அது ஒரு நிலையில் நிற்பதே இல்லை. இரண்டாம் அளவுகோலில் அதற்கு நிகரானது அரிது. இன்று ‘ரெசிலியன்ட் லேண்ட்ஸ்கேப்’ என்று நிலவடிவமைப்பாளர்கள் சொல்லும்போது பெரும்பாலும் இந்த இரண்டாம் பொருளையே சொல்கிறார்கள்.

இலங்கையில் இச்சொல் அலுவலகங்களுக்கு வெளியே கேட்கத் தொடங்கியது 2004 டிசம்பர் கடற்கோளுக்குப் பிறகு. அடுத்த மாதமே யப்பானின் கோபே நகரில் கூடிய உலக மாநாடு, நாடுகளினதும் சமுதாயங்களினதும் ரெசிலியன்ஸைக் கட்டியெழுப்புவதைத் தன் செயற்சட்டகத்தின் தலைப்பிலேயே வைத்தது. அதே 2005இல் இலங்கையின் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. 2015இல் ஐக்கிய நாடுகள் ஏற்றுக்கொண்ட நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் 11ஆவது, நகரங்களுக்கு இந்தப் பண்பு வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. இவ்வாறு இச்சொல் நமக்கு முதலில் நிவாரணத்தோடும் மீள்குடியேற்றத்தோடும் வந்து சேர்ந்ததால், ‘மீண்டெழுதல்’ என்ற பொருள் முந்திக்கொண்டதில் வியப்பில்லை. எல்லாவற்றையும் இழந்த குடும்பம் மறுபடி வாழத் தொடங்குவதைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான சொல்லும் இல்லை. அதை அப்படியே எடுத்து ஒரு நகரின் கால்வாய்க்கும் பூங்காவுக்கும் ஒட்டவைத்தபோதுதான் சிக்கல் வந்தது.

வழக்கில் உள்ள சொற்களில் நெகிழ்ச்சி, நெகிழ்திறன் ஆகியவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். உயர்தர வகுப்பில் பொருளியல் படித்த எவருக்கும் நெகிழ்ச்சி என்றால், விலை மாறும்போது ஒரு பொருளுக்கான தேவை எவ்வளவு மாறுகிறது என்பதைக் குறிக்கும் கேள்வி நெகிழ்ச்சியே நினைவுக்கு வரும்; தவிரவும் நெகிழ்தல் என்பது இளகுதல், தளர்தல் என்ற பொருளையும் உடையது. நெகிழ்ந்த அணைக்கட்டை யாரும் விரும்பமாட்டார்கள். மீள்தன்மை பௌதிகவியலுக்கு உரியது: இழுத்துவிட்ட இறப்பர்ப் பட்டி தன் பழைய நீளத்துக்கு வருவதைக் குறிக்க அது நெடுங்காலமாக வழங்குகிறது. தாக்குப்பிடித்தல் நல்ல பேச்சுத் தமிழ். ஆயினும் எதிரியின் தாக்குதலை எதிர்த்து நிற்கும் சாயல் அதில் மிகுதி, மழை நமக்கு எதிரியன்று.

மீள்திறன் என்பதைத்தான் சற்று நின்று பார்க்க வேண்டும். கொழும்பில் ‘மீள்’ என்ற வினையடிக்கு ஏற்கெனவே ஒரு வரலாறு இருக்கிறது. தாழ்நிலத்தை மண் போட்டு நிரப்பிக் கட்டடம் எழுப்பத் தக்க காணியாக்குவதைக் காணி மீட்பு என்றே சொல்லி வந்தோம். கொழும்பு மாவட்டத்தின் தாழ்நிலங்களை மீட்டு அபிவிருத்தி செய்வதற்கென 1968இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டு ஒரு சபையும் அமைக்கப்பட்டது. நிலத்தை யாரிடமிருந்து மீட்டோம் என்று கேட்டால், நீரிடமிருந்து என்பதே விடை. அப்படி மீட்கப்பட்ட காணிகளில் பல இன்று பெருமழைக்கு மூழ்குகின்றன. நிரப்பிய சதுப்பின் மேல் எழுந்த குடியிருப்பு, வெள்ளத்துக்குப் பிறகு மீள்திறனோடு அதே நிலைக்கு மீண்டால், அடுத்த வெள்ளத்துக்கும் அதே நிலையில் காத்திருக்கும். வடிவமைப்பாளர் விரும்புவது அந்த மீட்சியை அன்று.

இந்நகரின் நீர் எப்படி ஓடுகிறது என்பதைப் பார்த்தால் இது தெளிவாகும். கொழும்பின் உட்பகுதி பெரிதும் தாழ்வானது. கோட்டே, கொலன்னாவை, ஹீன் எல ஆகிய சதுப்புகளில் சேரும் மழைநீர் கால்வாய்கள் வழியே வடக்கே களனி கங்கைக்கும், மேற்கே முகத்துவாரம், வெள்ளவத்தை, தெஹிவளை ஆகிய இடங்களில் கடலுக்கும் செல்ல வேண்டும். களனி கங்கை பெருகும் நாட்களில் கங்கை நீர் நகருக்குள் புகாதபடி வடக்கு மதகை மூட வேண்டியிருக்கிறது; அப்போது உள்ளே பெய்த மழைக்கு அந்த வழி அடைபடுகிறது. கடல் வாய்களிலோ மணல் திட்டுக்கள் சேர்ந்து வழியை ஒடுக்குகின்றன. ஆகவே பெருமழை நாளில் நீரை வெளியேற்றுவது எப்படி என்ற கேள்விக்கு முன், வெளியேறும் வரை அது எங்கே தங்கும் என்ற கேள்வி வருகிறது. சதுப்புநிலங்கள் இருக்குமிடம் வரை விடை எளிது. அவை நிரப்பப்பட்ட இடங்களில், அந்த நீர் வீடுகளுக்குள் தங்குகிறது.

2010 நவம்பரில் ஓரிரவு மழையில் பாராளுமன்ற வளாகத்துக்கே வெள்ளம் வந்தது. தியவன்னா ஓயாவின் சதுப்பைத் தோண்டி ஏரியாக்கி, நடுவே தீவில் ஜெப்ரி பாவா வடிவமைத்த அந்தக் கட்டடம் 1982இல் திறக்கப்பட்டது. நீரோடு வாழும் கட்டடக்கலைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது. அதைச் சுற்றியிருந்த நீர்த்தேக்க வெளிகள் சுருங்கிய பின் அதற்கும் அந்த நிலை நேர்ந்தது. இதன் பிறகே கொழும்பின் ஈரநிலங்களை வெள்ளக் கட்டுப்பாட்டின் உறுப்பாகக் கருதும் போக்கு வலுப்பெற்றது. உலக வங்கியின் கடனுதவியுடன் 2012இல் தொடங்கிய பெருநகரத் திட்டத்தின் கீழ் கால்வாய்கள் அகலமாக்கப்பட்டன, ஈரநில முகாமைத்துவத்துக்கெனத் தனி உபாயம் வகுக்கப்பட்டது, பெத்தகானவில் ஈரநிலப் பூங்கா திறக்கப்பட்டது. 2018 ஒக்டோபரில் துபாயில் நடந்த, ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் மாநாட்டில் ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தை முதன்முதலாகப் பெற்ற 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்று. மீன்பிடிப் பூனை நடமாடும் தலைநகரம் என்ற பெருமையும் இதற்கு உண்டு. கொலன்னாவைச் சேற்றில் விளையும் கங்குன் கீரை இல்லாமல் கொழும்புச் சமையலறைகள் நடப்பதில்லை என்பதை அங்கீகாரம் கொடுத்தவர்கள் அறிந்தார்களோ தெரியாது.

இந்த நிலம் செய்யும் வேலைக்குத் தமிழில் சொல் வேண்டுமென்றால் ‘தாங்கு’ என்ற வினை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அகழ்வாரைத் தாங்கும் நிலம் என்று குறள் சொல்வது நமக்குத் தெரிந்ததே. வெட்டுபவனையே சுமந்து நிற்கும் நிலத்தின் இயல்பை அந்த வினை காட்டுகிறது. சுமைதாங்கி, இடிதாங்கி என்ற கூட்டுச்சொற்களில் பாரத்தையோ தாக்கத்தையோ ஏற்று மற்றவற்றைக் காக்கும் பொருள் தெளிவாக இருக்கிறது. இடிதாங்கி மின்னலைத் தடுப்பதில்லை, திரும்பிப் பாய்வதுமில்லை. அதை வாங்கி மண்ணுக்குள் இறக்கிவிடுகிறது. இன்னொரு பொருளும் உண்டு, நம் தலைப்புக்கு அதுவே மிக நெருக்கமானது. நீரைத் தேக்கி வைக்கும் சிறிய ஏரிக்குத் தமிழகத்தின் வட பகுதியில் தாங்கல் என்று பெயர். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் முதலிய ஊர்ப்பெயர்களின் ஈற்றில் அது நிலைத்திருக்கிறது. ஈழத்தமிழில் தாங்கல் வழங்குவதில்லை, ஆனால் தண்ணீர்த் தாங்கி வழங்குகிறது: ஆங்கிலத்தின் ‘டேங்க்’ என்பதை ஒலிபெயர்த்து எழுதாமல், நீரைத் தாங்குவது என்று பொருள்படும்படி நம்மவர்கள் வைத்த சொல். வெள்ளவத்தை அடுக்குமாடியின் மொட்டைமாடியில் நிற்கும் கறுப்புப் பிளாத்திக் உருளைக்கு நாம் ஒவ்வொரு நாளும் சொல்லும் பெயர் அது. ஆகவே தாங்குதிறன் என்றால் அடியை ஏற்பதும் நீரைப் பிடித்து வைப்பதும் ஒரு சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகின்றன.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. தாங்கு என்பது பொறுத்துக்கொள் என்று ஒலிக்கும். தாழ்நிலத்தில் வாழும் வறிய குடும்பங்களுக்குத் தாங்குதிறன் பயிற்சி அளிக்கப்படுகிறது என்று எழுதினால், வெள்ளத்தைச் சகித்துக்கொள்ளக் கற்பிக்கிறார்கள் என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். ஆகவே மனிதரைப் பற்றிப் பேசும்போது மீண்டெழுதல் என்றே சொல்வது முறை. நிலத்துக்கும் கால்வாய்க்கும் தெருவுக்கும் கட்டடத்துக்கும் தாங்குதிறன் பொருந்தும். நிலம் தாங்கினால் அங்கே குடியிருப்பவர்கள் தாங்க வேண்டிய தேவை குறையும். ஒரே அறிக்கையில் இரு சொற்களும் வருவதில் தவறில்லை, எது எதற்கு என்ற ஒழுங்கு இருந்தால் போதும்.

வெள்ளவத்தை என்றதும் வெள்ளம் நினைவுக்கு வருவது தமிழருக்கு இயல்பு. உண்மையில் அது சிங்களத்தில் மணலைக் குறிக்கும் வெல்ல என்ற சொல்லும் தோட்டத்தைக் குறிக்கும் வத்த என்ற சொல்லும் சேர்ந்த பெயர், மணல் தோட்டம். மணல் நீரை உடனே உறிஞ்சும் என்பதால் இந்தப் பெயரே ஒரு நிலவியல் குறிப்பாகும். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் முன்பு ஒரு கிணறும் ஒரு மாமரமும் வெறும் மணல் முற்றமுமாக இருந்த வளவுகளில், இன்று ஓரடி மண் தெரியாமல் இன்டர்லொக் கல் பதிக்கப்பட்டிருக்கிறது. கூரைநீரும் முற்றத்து நீரும் குழாய் வழியே ஒரே நேரத்தில் தெருக்கானுக்கு வருகின்றன. கான் நிரம்பியதும் ஒழுங்கையே கானாகிறது. கல்லுக்குக் கல் இடைவெளி விட்டுப் புல் வளர்ப்பது, கூரைநீருக்குத் தாங்கி வைப்பது, நீர் இறங்கும் குழியும் ஒரு மரமும் விடுவது ஆகியவை வளவு அளவில் தாங்குதிறனைக் கூட்டும் வழிகள். மரம் வெயிலையும் தாங்கும். வெப்பமும் இப்போது இந்த நகரின் பேரிடர்ப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

உடன் வரும் பிற சொற்களைப் பற்றிச் சுருக்கமாக. ‘சஸ்டெய்னபிள்’ என்பதற்கு இலங்கையில் நிலைபேறான என்பதே ஊன்றிவிட்டது. அதை மாற்றத் தேவையில்லை. ‘லேண்ட்ஸ்கேப்’ ஒல்லாந்த மொழியிலிருந்து ஓவியர்கள் வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். படத்தில் காணும் காட்சியைக் குறிக்க நிலத்தோற்றம் போதும், மண்ணையும் நீரையும் மரத்தையும் ஒழுங்குபடுத்தும் துறைக்கு நிலவமைப்பு என்பதே நன்று. ‘வெட்லேண்ட்’ என்பதற்கு ஈரநிலம் பொதுச்சொல். அதற்குள் சதுப்பும் கண்டலும் வில்லும் அடங்கும். வன்னியிலும் கிழக்கிலும் வெள்ளச் சமவெளி ஏரிக்கு வழங்கும் வில்லு, ஆய்வாளர்களின் ஆங்கிலக் கட்டுரைகளில்கூட அப்படியே எழுதப்படுகிறது.

‘கிளைமேட் ரெசிலியன்ஸ்’ என்ற முழுத் தொடரைப் பொதுத் தலைப்பாக எழுத வேண்டிய இடத்தில் காலநிலைத் தாங்குதிறன் எனலாம். ஆனால் ஒரு பூங்காவின் பெயர்ப்பலகைக்கோ ஒரு திட்டத்தின் நோக்கப் பகுதிக்கோ அந்தப் பொதுமை உதவாது. தாங்கப்படுவது எது என்பதைச் சொல்ல வேண்டும். சுமைதாங்கியின் வழியில் வெள்ளந்தாங்கு நிலம், வெப்பந்தாங்கு தெரு, அலைதாங்கு கரை என்று அமைத்தால் வாசிப்பவருக்கு விளக்கம் தேவைப்படாது. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே அடைமொழிதான் கிடைக்கிறது.