நாற்பது தடவை செத்தவன் ஏன் எழுந்து வரவில்லை?

வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "செமஸ்டர் லீவுக்கு வந்த என் மகன் மூன்று நாளாக ஒரே ராட்சசனோடு சண்டை போடுகிறான். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை அறைக்குள்ளிருந்து 'ச்சே' என்று சத்தம். நேற்று விடியற்காலை ஒரு கூச்சல். பதறிப்போய் ஓடினால், ஜெயித்துவிட்டானாம். நாற்பது தடவைக்கு மேல் செத்தேன் என்று பெருமையாக வேறு சொல்கிறான். இப்படி ஆளைச் சாகடிக்கிற கேம் எப்படி நல்ல கேம் ஆகும்?"

கேம் பெயர் எல்டன் ரிங், ராட்சசன் ஒரு கோட்டை வாசலில் நிற்கிறான் என்றும் எழுதியிருந்தார். அப்படியானால் அவன் மார்கிட்டேதான். தலையெல்லாம் கொம்பு, கையில் வளைந்த தடி, கிழிந்த போர்வை. எனக்கும் அவனுக்கும் பழைய கணக்கு உண்டு. 23 வரை எண்ணினேன், அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தில் ஹிடெடகா மியாசாகி தலைமையில் உருவாகி 2022 பிப்ரவரியில் வெளிவந்த இந்த கேம், 2024 நடுப்பகுதிக்குள் இரண்டரைக் கோடிப் பிரதிகள் விற்றுவிட்டது. ஆளைச் சாகடிப்பதில் இதற்கு நிறைய முன்னோர்கள் உண்டு. 1980இல் வந்த ரோக் கேமில் ஒரு தடவை செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். 1981இன் விசார்ட்ரியில் செத்தவனைக் கோயிலுக்குத் தூக்கிப்போய்க் காசு கட்டி எழுப்பலாம். எழுப்புவது தோற்றால் ஆள் சாம்பலாகிவிடுவான். சாம்பலையும் எழுப்பிப் பார்க்கலாம், அதுவும் தோற்றால் ஆளே இல்லை. 1986இன் டிராகன் குவெஸ்ட் கொஞ்சம் மனசாட்சியோடு நடந்துகொண்டது. செத்தால் பாதித் தங்கம் போகும், அனுபவப் புள்ளிகள் அப்படியே இருக்கும்.

சரி, மார்கிட்டிடம் வருவோம். அவன் செய்கிற ஒரு காரியத்தில்தான் இந்தக் கேள்விக்கான பதில் இருக்கிறது.

தடியைத் தலைக்கு மேல் தூக்குவான். நாம் உடனே உருளுவோம். உருளும்போது ஆரம்பத்தில் ஒரு கணம் எந்த அடியும் நம்மேல் படாது, அதுதான் இந்த வகை கேம்களில் உயிர்காக்கும் வித்தை. ஆனால் மார்கிட் தூக்கிய தடியை இறக்க மாட்டான். அப்படியே நிற்பான். நாம் உருண்டு முடித்து எழுந்து நிற்கும் அந்த நொடியில், சாவகாசமாக, நடு மண்டையில் இறக்குவான்.

முதல் தடவை இது அநியாயம் என்று தோன்றும். அதில் ஒரு கணக்கு இருக்கிறது. கண்ணால் ஒன்றைப் பார்த்துக் கையால் பொத்தானை அழுத்த மனிதனுக்குச் சராசரியாகக் கால் நொடி ஆகும். திரையில் நொடிக்கு 60 படங்கள் ஓடினால், நம் விரல் அசைவதற்குள் 15 படங்கள் போய்விடும். வேகமான அடியைப் பார்த்துவிட்டுத் தப்பிப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். ஆகவே நாம் பார்ப்பதில்லை, கணிக்கிறோம். தோள் அசைந்தால் இத்தனை நேரத்தில் அடி விழும் என்று மூளை ஒரு கடிகாரத்தை ஓட்டுகிறது. மார்கிட் அந்தக் கடிகாரத்தைத்தான் உடைக்கிறான். மற்ற எதிரிகளிடம் கற்ற தாளத்தில் நாம் உருளுவோம் என்று அவனை வடிவமைத்தவர்களுக்குத் தெரியும்.

கணிப்பு தப்பினால் மூளைக்குள் என்ன நடக்கிறது? எனக்குப் பிடித்த பரிசோதனை இங்கேதான் வருகிறது, கொஞ்சம் பொறுமையாகவே சொல்கிறேன்.

சுவிட்சர்லாந்தின் ஃப்ரீபர்க் நகரில் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளின் மூளையில் மெல்லிய மின்முனைகளைச் செருகி, டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நியூரான்களை, அதாவது நரம்பு செல்களை, ஒவ்வொன்றாக ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார். பார்க்கின்சன் நோயில் இந்த நியூரான்கள் செத்துப்போகின்றன, நோயாளியால் சரியாக அசைய முடிவதில்லை. அதனால் குரங்கு கையை அசைக்கும்போது இவை துடிக்கும் என்று எதிர்பார்த்தார். அவ்வளவாகத் துடிக்கவில்லை. ஆனால் எதிர்பாராமல் வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தபோது படபடவென்று துடித்தன.

அடுத்து, சாறு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு விளக்கு எரியும்படி செய்தார்கள். சில நாளில் குரங்கு பழகிவிட்டது. இப்போது நியூரான் எப்போது துடிக்கிறது தெரியுமா? விளக்கு எரிந்ததுமே. சாறு வரும்போது ஒன்றுமில்லை, அமைதி. அதே சாறுதான், அதே நாக்குதான், ஆனால் இந்த நியூரானுக்கு அது ஒரு செய்தியே இல்லை. விளக்குதான் செய்தி.

கடைசியாக ஒரு குறும்பு. விளக்கை எரியவிட்டார்கள், சாறு தரவில்லை. எப்போதும் ஏதோ கொஞ்சம் துடித்துக்கொண்டே இருக்கும் அந்த நியூரான், சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் சட்டென்று அடங்கிப்போனது. அந்த நேரத்தில் வெளியே எதுவுமே நடக்கவில்லை. சத்தம் இல்லை, வெளிச்சம் இல்லை, தொடுதல் இல்லை. நடக்க வேண்டியது நடக்கவில்லை, அவ்வளவுதான். அந்த இல்லாமையை, நேரம் தவறாமல், ஒற்றை நியூரான் குறித்துவைக்கிறது. இதை முதல்முதலில் வரைபடத்தில் பார்த்த அன்று நான் வெகுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

1997இல் ஷூல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மான்டேக் மூவரும் இதைக் கணக்காக எழுதினார்கள்: கிடைத்ததில் எதிர்பார்த்ததைக் கழித்தால் வருவது பிழை. நியூரான் சொல்வது அந்தப் பிழையைத்தான். வேடிக்கை என்னவென்றால், இதே சூத்திரத்தை இயந்திரங்களுக்குக் கற்றுத்தரும் வழியாக ஆண்ட்ரூ பார்ட்டோவும் ரிச்சர்ட் சட்டனும் 1980களிலேயே உருவாக்கியிருந்தார்கள். அவர்களுக்குக் கணினித் துறையின் மிகப் பெரிய விருதான டூரிங் விருது, 2024ஆம் ஆண்டுக்கானது, கிடைத்தது. பார்க்கின்சன் நோயைப் புரிந்துகொள்ளப் போன இடத்தில் கற்றலின் கணக்கு கிடைத்தது. ஆராய்ச்சிக்குக் காசு கேட்டால் "இதனால் மக்களுக்கு என்ன பயன், இரண்டு வரியில் எழுது" என்று படிவம் நீட்டுபவர்களை நினைத்தால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். அந்த இரண்டு வரியில் ஷூல்ட்ஸ் எழுதியிருக்கக்கூடியது நிச்சயம் இதுவல்ல.

டோபமைன் என்றதும் "அது இன்ப ரசாயனம், கேம் ஆடினால் தீர்ந்துபோகும், ஒரு நாள் டோபமைன் விரதம் இருங்கள்" என்று கிளம்பிவிடுகிறார்கள். விரதம் இருந்து நிரப்ப அது தண்ணீர்த் தொட்டி இல்லை. அது வெறும் இன்பமும் இல்லை. டோபமைன் ஏறக்குறைய முழுவதும் அழிக்கப்பட்ட எலிகளும், நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் விட்டால் ருசித்து உதட்டை நக்கத்தான் செய்தன என்று மூளை ஆராய்ச்சியாளர் கென்ட் பெரிட்ஜ் காட்டியிருக்கிறார். 1998இல் லண்டனில் எட்டுப் பேரை டாங்க் ஓட்டும் கேம் ஆடவிட்டு மூளையை ஸ்கேன் செய்தபோது டோபமைன் கூடியது உண்மைதான். ஆனால் குரங்கின் சாற்றிலிருந்து உங்கள் மகனின் கூச்சலுக்குத் தாவுவது என் ஊகம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊகம் இதுதான்: தடி தலைக்கு மேல் நிற்கும்போது உருண்டு அடி வாங்குவது ஒரு பிழை. அடுத்த முறை ஒரு மூச்சு பொறுத்து உருண்டு தப்பிப்பது, எதிர்பாராமல் விழுந்த சாறு. வெளியிலிருந்து பார்க்கும் அம்மாவுக்கு ஒரு சாவுதான் தெரிகிறது. உள்ளே இருப்பவனுக்கு ஒரு சண்டையில் அடிக்கொரு விடை கிடைக்கிறது.

இதைப் பிளஸ் டூ நிகழ்தகவுக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். மார்கிட் ஒரு சண்டையில் 40 அடி அடிக்கிறான், 4 பட்டால் நாம் காலி என்று வைத்துக்கொள்வோம். மருந்துக் குப்பிகளை மறந்துவிடுங்கள். நூற்றுக்கு 70 அடியில் தப்பிப்பவன் ஆயிரம் சண்டை போட்டாலும் ஒன்றில்கூட ஜெயிப்பது சந்தேகம். 80 அடியில் தப்பித்தால் வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு 3. 85 என்றால் 13. 90 என்றால் 42. 95 என்றால் 86. அவன் திறமை படிப்படியாகத்தான் ஏறுகிறது, ஆனால் வெற்றி நெடுநேரம் தரையோடு கிடந்துவிட்டுத் திடீரென்று எழுகிறது. முப்பத்தெட்டாவது சாவுக்கும் மூன்றாவது சாவுக்கும் திரையில் ஒரே சிவப்பு எழுத்துதான். ஆடுபவனுக்கு மட்டும் அவை வேறு வேறு.

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். கஷ்டமாக இருந்தால் கேம் நன்றாக இருக்குமா என்பதல்ல, ஒவ்வொரு சாவும் ஏதாவது சொல்லிக்கொடுக்கிறதா என்பதுதான் விஷயம். 2011இல் வந்த ஸ்கைரிம் எனக்கு மிகவும் பிடித்த கேம். ஆனால் அதில் சிரம நிலையை உச்சத்துக்கு ஏற்றினால் என்ன ஆகிறது? நாம் கொடுக்கும் அடி கால்வாசியாகிறது, வாங்கும் அடி மூன்று மடங்காகிறது. எதிரிக்குப் புதிதாக ஒரு அசைவுகூட வருவதில்லை. அதே கொள்ளைக்காரன், அதே கோடாரி. அடித்துக்கொண்டே இருக்கிறோம், அவன் பஞ்சு மூட்டை மாதிரி வாங்கிக்கொண்டே இருக்கிறான். கஷ்டம் கூடியது, செய்தி கூடவில்லை.

காரணம் புரியாத வெற்றி தோல்வி இதைவிட மோசம். 1948இல் உளவியலாளர் ஸ்கின்னர் பசித்த புறாக்களைக் கூண்டில் வைத்து, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த நேரத்துக்கு ஒரு தடவை தீனி வரும்படி செய்தார். எட்டில் ஆறு புறாக்களுக்குத் தனித்தனிச் சடங்கு வந்துவிட்டது. ஒன்று கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தது, ஒன்று மேல் மூலையில் தலையை முட்டியது. சுற்றினால்தான் தீனி என்று அது நம்பியதுபோல. பந்தை எறிந்து விநோத ஜந்துக்களைப் பிடிக்கும் போகிமான் கேம் ஆடிய பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், பந்தை எறிந்ததும் ஒரு பொத்தானை இறுக்கி அழுத்திப் பிடித்தால் போகிமான் தப்பாது என்று சத்தியம் செய்வார்கள். பொத்தானுக்கும் பிடிபடுவதற்கும் சம்பந்தமே இல்லை, அங்கே பகடை உருட்டுவது கணினி. சிரிக்காதீர்கள். சேஸிங்கில் கடைசி இரண்டு ஓவர் வந்தால் "யாரும் இடத்தை விட்டு எழக் கூடாது" என்று உத்தரவு போடும் வீடுகள் நம் தெருவில் எத்தனை?

மார்கிட்டிடம் இந்தச் சடங்குகள் செல்லாது. எந்தப் பொத்தானைக் கும்பிட்டாலும் தடி அதன் நேரத்துக்குத்தான் இறங்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கஷ்டமும் தண்டனையும் ஒன்றல்ல என்று அந்த நிறுவனமே கற்றுக்கொண்டிருக்கிறது. 2009இல் அவர்களுடைய டீமன்ஸ் சோல்ஸில் செத்தால் ஆவியாகிவிடுவோம், அதிகபட்ச உயிர் பாதியாகக் குறையும். மனித உடலை மீட்டுக்கொண்டு அதோடு சாகச் சாக உலகமே இருண்டு எதிரிகள் இன்னும் பலமாவார்கள். திணறுகிறவனை மேலும் மிதிக்கும் ஏற்பாடு. தோற்ற இடத்துக்குத் திரும்ப நெடுந்தூரம் ஓட வேண்டும் வேறு. எல்டன் ரிங்கில் உயிரளவு அப்படிக் குறைவதில்லை. பல பெரிய எதிரிகளின் வாசலிலேயே ஒரு சின்னச் சிலை நட்டுவைத்திருக்கிறார்கள், செத்தால் அங்கேயே எழலாம். மார்கிட் முடியவில்லையா, அவனை விட்டுவிட்டுத் தெற்கே போய் நாலு ஊர் சுற்றிப் பலம் சேர்த்துக்கொண்டு வரலாம். சேர்த்த ரூன்கள், அதாவது எதிரிகளைக் கொன்று சம்பாதித்த காசு, செத்த இடத்தில் கிடக்கும், திரும்பப் போய் எடுக்கலாம். போகும் வழியில் மறுபடி செத்தால்தான் போச்சு. எதிரிகளை இளக்காமல் தண்டனையை மட்டும் இப்படிக் குறைத்தார்கள். விற்பனை என்ன ஆனது என்று மேலே சொல்லிவிட்டேன்.

ஆனாலும் ஒரு குறை எனக்கு உண்டு. கால் நொடிக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றல்ல. வயதானால் நீளும், கைநடுக்கம் இருந்தால் நீளும். "சிரமத்தைக் குறைக்கும் வசதி வைத்தால் கேமின் ஆன்மா போய்விடும்" என்று சண்டைக்கு வருபவர்களிடம் நான் 2020இல் வந்த ஹேடிஸைக் காட்டுவேன். அதில் கடவுள் நிலை என்று ஒன்று இருக்கிறது. போட்டுக்கொண்டால் வாங்கும் அடியில் 20 சதவீதம் குறையும். ஒவ்வொரு தடவை சாகும்போதும் இன்னும் 2 சதவீதம் குறையும், உச்சம் 80. சாகச் சாக ஆட்டம் நம்மை நோக்கி இறங்கி வருகிறது. எதிரியின் அசைவுகள் மாறுவதில்லை, கற்றுக்கொள்ள வேண்டியது அப்படியே இருக்கிறது. கற்றுக்கொள்ளக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

போன மாதம் எல்டன் ரிங்கைப் புதிதாகத் தொடங்கினேன். மார்கிட் தடியைத் தூக்கினான், நின்றான், நான் மனதுக்குள் எண்ணினேன், உருண்டேன். முதல் முயற்சியிலேயே விழுந்துவிட்டான். திரையில் அதே பொன்னெழுத்து, அதே இசை. எனக்குள் ஒன்றுமே நடக்கவில்லை, ஷூல்ட்ஸின் குரங்குக்குப் பழகிப்போன சாறு மாதிரி.

உங்கள் மகன் இப்போது கோட்டைக்குள் போயிருப்பான். அங்கே ஊரார் கைகால்களையெல்லாம் தன் உடம்பில் ஒட்டிக்கொண்டு காட்ரிக் என்று ஒருவன் இருக்கிறான். லீவு முடிய இன்னும் எத்தனை நாள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு வாரமாவது 'ச்சே' கேட்கும்.